கதவு திறந்துதான் இருக்கும்

அன்றைக்கு நடந்ததை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. வெயில் சுட்டெரித்த நாள் என்று நான் சொல்வேன். மழை பெய்தது என்பாள் என் மகள். வீட்டுத் தரை ஈரமாகக் கிடந்ததை வைத்து அவள் அப்படி எண்ணிக்கொண்டிருக்கலாம். நான் போன் செய்த நேரத்தில்தான் கதவு திறந்தது என்று நான் நம்புகிறேன். அதற்கு வெகுநேரம் முன்பே திறந்துவிட்டது என்கிறாள் அவள். எங்கள் இருவரில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லக்கூடியவன் என் தம்பி ஒருவன்தான். அவனிடம் கேட்க ஒரே ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. கீழே என்றோ மூடிய மரச்சாமான் கடை. லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் யாரோ ஏறப்போவதுபோல் நின்று, கதவைத் திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொள்ளும். அன்று காலை அதில் நானும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஏறிப் போனோம். வீட்டிலிருந்து கிளம்பும்போதே சண்டை. எப்போதும் போல அதே சண்டைதான். அவன் கதவைப் பூட்டுவதே இல்லை.

"ஒரு நாள் எவனாவது உள்ள வந்து நாற்காலி போட்டு உட்காரப் போறான். அன்னிக்குத்தான் உனக்குப் புத்தி வரும்."

"வந்தா உட்காரட்டும்க்கா. உன் திட்டைக் கேட்டா அவனே எழுந்து ஓடிடுவான்."

மகளின் அப்பா எங்களோடு இல்லாமல் போனதிலிருந்து தம்பிதான் எங்களோடு இருந்தான். என் மகளுக்கு அவன் மாமா மட்டுமில்லை, விளையாட்டுத் தோழனும் அவன்தான். அவள் பள்ளியிலிருந்து தனியாக வீடு திரும்புவாள். நாங்கள் வரும்வரை கதவுக்குப் பக்கத்திலிருக்கும் மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கதவைப் பற்றி நான் கத்தியது அதனால்தான்.

தொலைந்த, திருடுபோன கம்ப்யூட்டர்களைக் கண்டுபிடித்துத் தருவது எங்கள் தொழில். நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்புகளில் எங்கள் புரோகிராமைப் போட்டுவைக்கும். ஒன்று காணாமல் போனால் எங்கள் டாஷ்போர்டு என்ற பக்கத்தைத் திறந்து, வரைபடத்தில் அதன் புள்ளியைப் பார்த்துக்கொள்ளலாம். புள்ளி பச்சையாக இருந்தால் அது எங்கேயோ விழித்திருக்கிறது என்று பொருள். சாம்பல் நிறத்தில் இருந்தால் தூங்குகிறது, அல்லது செத்துவிட்டது. வாடிக்கையாளர்களின் போனை எடுப்பது என் வேலை. டாஷ்போர்டை எழுதுவது தம்பியின் வேலை. எங்கள் இருவரையும் விரட்டுவது 'டெட்லைன்' என்று நாங்கள் பெயர் வைத்திருந்த மேலாளரின் வேலை.

அன்று டாஷ்போர்டின் புதிய பதிப்பு வெளியாக வேண்டியிருந்தது. பழையதில் ஆயிரம் குறைகள். தொலைந்த லேப்டாப்புக்கு ஒரு செய்தி அனுப்பினால், அந்த நேரத்தில் அது விழித்திருந்தால்தான் போய்ச் சேரும். இல்லையென்றால் காற்றோடு போகும். புதியதில் செய்திகள் வரிசையில் காத்திருக்கும். என்றைக்கு அந்த லேப்டாப் கண் விழிக்கிறதோ, அன்றைக்கு ஒவ்வொன்றாகத் திரையில் தெரியும். 'பார்த்தாயிற்று' என்று குறி விழும். 'அவசரம்' என்ற பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி வரிசையைத் தாண்டி முன்னால் போகும். மூடியைத் திறந்தால் கேமரா ஒரு படம் எடுத்து அனுப்பும். அனுப்பிய செய்தியைத் திரும்பப் பெற மட்டும் வழியில்லை. அது அடுத்த பதிப்பில் வரட்டும் என்று டெட்லைன் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க ஒரு லேப்டாப் தேவைப்பட்டது. ஒருநாளும் பதில் சொல்லாத, யாருக்கும் தொந்தரவு தராத லேப்டாப். அதற்குத் தம்பி தேர்ந்தெடுத்தது 'நீச்சல்காரர்'.

அந்தப் பெயரும் அவன் வைத்ததுதான். ஒரு தொழிற்சாலை ஆய்வாளரின் லேப்டாப் அது. அவருடைய கார் பாலத்திலிருந்து நீர்த்தேக்கத்துக்குள் விழுந்தது. காரைத் தூக்கினார்கள். கதவு திறந்திருந்தது. ஆளும் இல்லை, லேப்டாப் பையும் இல்லை. அவருடைய அலுவலகம் எங்களிடமிருந்து விலகிப் போனது. பதிவு மட்டும் அநாதையாக நின்றது. நீர்த்தேக்கத்தின் நீல நிறத்துக்கு நடுவே ஒரு சாம்பல் புள்ளி.

அவருடைய மனைவி ஒருமுறை என்னிடம் போனில் பேசியிருந்தார். அழவில்லை. குரலில் ஒரு வெறுப்பு மட்டும், கத்தியை உறையில் போட்டதுபோல.

"அதைத் தேடாதீங்க. அதுக்கு எதுவும் அனுப்பவும் அனுப்பாதீங்க. எழுதி வச்சுக்குங்க."

எழுதி வைத்தேன். பழைய டாஷ்போர்டில் அந்தப் புள்ளியைத் தொட்டாலே என் குறிப்பு சிவப்பில் வந்து நிற்கும். புதியதில் குறிப்புகளையெல்லாம் ஒரு சின்ன அம்புக்குறிக்குள் மடித்து வைத்திருந்தார்கள். பக்கம் பார்க்கச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது டெட்லைனின் ஆசை.

நீச்சல்காரருக்கு இரண்டு சோதனைச் செய்திகள் போயிருந்தன. செய்தியில் ஒரு முகவரி இருந்தே ஆக வேண்டும், கண்டெடுத்தவர் எங்கே கொண்டுவந்து கொடுப்பார்? முதலில் டெட்லைன் தன் வீட்டு முகவரியைப் போட்டுத் தானே ஒன்று அனுப்பிப் பார்த்தார். அதற்கடுத்ததைத் தம்பி எங்கள் வீட்டு முகவரியைப் போட்டு அனுப்பினான். நான் அதை அன்று மத்தியானம்தான் பார்த்தேன்.

'நீச்சலை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். கதவு திறந்துதான் இருக்கும். அக்கா திட்டுவாள், கண்டுகொள்ள வேண்டாம்.'

"இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்றேன்.

"செத்த லேப்டாப்தானேக்கா. யார் படிக்கப் போறா?"

டெட்லைன் எங்கள் பின்னால் வந்து நின்றார். "என்னப்பா, கம்ப்யூட்டரைத் தேடுறியா, கனவைத் தேடுறியா? சாயங்காலம் கஸ்டமர் வர்றாங்க."

"கனவு காண எங்க சார் விட்டீங்க? தூங்கினாலும் உங்க மூஞ்சிதான் வருது."

"வாய் மட்டும் நீளம். வெளியிடு, வெளியிடு."

தம்பி பொத்தானை அழுத்தினான். பழைய பக்கம் மறைந்து புதியது வந்தது. பெரிய திரையில் வரைபடம் விரிந்தது. நூற்றுக்கணக்கான புள்ளிகள் மெல்ல நிறம் பெற்றன. டெட்லைன் கையைத் தேய்த்துக்கொண்டார். எனக்கு அப்போது அடித்த வாசனை நினைவிருக்கிறது. பாசி. கிணற்றில் வெகுநாள் கிடந்து மேலே வந்த கயிற்றின் வாசனை. ஏசியைச் சுத்தம் செய்யவில்லை என்று நினைத்தேன்.

நீலத்துக்கு நடுவே ஒரு பச்சைப் புள்ளி இருந்தது.

"தம்பி," என்றேன்.

"பார்த்தேன்க்கா. புரோகிராம்ல பக். பழைய தகவலைப் புதுசுன்னு எடுத்துக்குது."

அவன் அதைத் தொட்டான். பேட்டரி அளவு வர வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அதன் கீழே செய்திகளின் வரிசை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறிகள் விழ ஆரம்பித்தன. ஒன்றன்பின் ஒன்றாக. இடைவெளி விட்டு. ஒருவர் நிதானமாகப் படிப்பதற்கு ஆகும் இடைவெளி.

பார்த்தாயிற்று.

பார்த்தாயிற்று.

பிறகு புள்ளி நகர்ந்தது.

கரைக்கு வந்தது. சாலையில் ஏறவில்லை. வயல், ரயில் பாதை, கட்டடங்கள் எல்லாவற்றையும் ஊடுருவி நேர்கோட்டில் ஊர்ந்தது. அவசரமில்லாமல், ஆனால் வழி தெரிந்து.

"பிரமாதம்! எவ்வளவு உயிரோட்டமா நகருது பாரு," என்றார் டெட்லைன். பேசி முடிக்குமுன் அது எங்கே போய் நின்றது என்று அவருக்குப் புரிந்தது. அவருடைய தெரு. அவருடைய வீடு. அவர் தனியாக இருப்பவர், வீடு பூட்டியிருந்தது.

கேமராப் படம் வந்தது. மங்கலான ஒரு அறை. சுவரில் அவருடைய கடிகாரம். எதிரே அவருடைய தொலைக்காட்சி, அதன் கறுப்புக் கண்ணாடியில் ஒரு சோபாவின் நிழல். சோபாவில் உட்கார்ந்தபடி மடியில் வைத்து எடுத்த படம்.

டெட்லைன் தம்பியின் சட்டையைப் பிடித்தார். "என் வீட்டுச் சாவியை எப்படா எடுத்த? விளையாட்டுக் காட்டுறியா?"

"கையை எடுங்க சார். சத்தியமா நான் இல்ல."

"போய்ப் பார்த்துட்டு வர்றேன். அப்புறம் இருக்கு உனக்கு."

அவர் போனார். புள்ளி அசையவே இல்லை. அவர் போய்ச் சேரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மின்விசிறி மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை முனகியது.

பிறகு போன் வந்தது. தம்பி ஒலிபெருக்கியில் போட்டான்.

"தரையெல்லாம் தண்ணிப்பா. சேத்து நாத்தம். பைப் உடைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்." காலடிகள். தண்ணீரில் நடக்கும் சத்தம். பிறகு அவர் குரல் தணிந்தது. "சோபால ஒரு பை இருக்கு. என்னோடது இல்ல."

"வெளிய வாங்க சார்," என்றான் தம்பி.

"பை பக்கத்துல யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி பள்ளம். ஈரமா."

சொட்டு விழும் சத்தம் எங்களுக்கும் கேட்டது.

"தம்பி..." என்றார் அவர், கெஞ்சுவதுபோல. அவனை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "பள்ளம் நிமிருது."

போன் அறுந்தது.

முதல் செய்திக்குப் பக்கத்தில், 'பார்த்தாயிற்று' என்பதற்குக் கீழே, இன்னொரு சொல் முளைத்தது. 'வந்தாயிற்று.'

"இந்த வார்த்தையை நான் எழுதவே இல்லக்கா," என்றான் தம்பி. அவன் உதடு வெளுத்திருந்தது.

நான் அந்தச் சின்ன அம்புக்குறியை அழுத்தினேன். என் குறிப்பு விரிந்தது. அதில் நீச்சல்காரரின் மனைவியுடைய எண் இருந்தது; அலுவலகப் போனில் அந்தம்மாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார், என்னை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்போல.

"அனுப்பிட்டீங்களா?"

"ஆமா," என்றேன்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. இருந்தப்பவே அந்த மனுஷன் அப்படித்தான். வாங்கன்னு யாராவது பேச்சுக்குச் சொன்னாப் போதும், அவங்க வீட்டுல போய் உட்கார்ந்துப்பான். கூப்பிட்டவங்க வர்ற வரைக்கும், இருக்கிறவங்களோட உட்கார்ந்திருப்பான். அவன் உட்கார்ந்த வீட்டுல அப்புறம் யாரும் சிரிச்சதில்ல. எத்தனை பேர் கூப்பிட்டீங்க?"

"ரெண்டு."

"ரெண்டாவது வீட்டுல யார் இருக்கா?"

புள்ளி டெட்லைனின் தெருவை விட்டுக் கிளம்பியிருந்தது. அது எங்கள் வீட்டை நோக்கி நகர்ந்தது. பள்ளி விட்டிருக்கும் நேரம்.

நான் என் செல்போனில் மகளைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"கண்ணு, கதவைத் தாழ்ப்பாள் போடு. யார் தட்டினாலும் திறக்காதே."

"கதவு திறந்துதான்மா இருக்கு."

"நீ திறந்தியா?"

"இல்ல. மாமா பூட்டாம போயிருப்பாங்க." பென்சிலைச் சீவும் சத்தம். "அம்மா, இங்க ஒரு மாதிரி வாடை அடிக்குது."

புள்ளி எங்கள் வீட்டின் மேல் நின்றது.

படம் வந்தது.

எங்கள் மேசை. எங்கள் விளக்கு. காதில் போனோடு குனிந்திருக்கும் என் மகளின் முதுகு. கதவுக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து எடுத்த படம்.

"கண்ணு." என் குரல் யாருடையதோ போல இருந்தது. "எழுந்திரு. செருப்பெல்லாம் வேண்டாம். வெளியே ஓடு."

மேசையை விட்டு எழும் சத்தம் கேட்டது.

"போக முடியலம்மா," என்று கிசுகிசுத்தாள். "வழியில நாற்காலி இருக்கு. அது மேல ஒரு பை. தண்ணி சொட்டுது."

"பார்க்காதே. சுவர்ப் பக்கம் திரும்பிக்க."

"அது வெறும் பை இல்லம்மா."

"திரும்பிக்க. அம்மா வர்ற வரைக்கும் திரும்பிப் பார்க்காதே."

அந்தம்மா அலுவலகப் போனில் இன்னும் இருந்தார். டாஷ்போர்டில் 'உரிமையாளர் முகவரி' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பதிவிலிருக்கும் அவர்கள் வீட்டு முகவரி தானாகச் செய்தியில் வந்து உட்காரும். என் விரல் அதன் மேல் போய் நின்றது. எனக்கு அதில் எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. அந்தம்மாவுக்கு அது தெரிந்துவிட்டது.

"என் விலாசத்தை அனுப்பினீங்கன்னா நீங்க விளங்கவே மாட்டீங்க. நானும் பதினெட்டு வருஷம் அவனோட உட்கார்ந்திருந்தவதான்."

தம்பி என் கையைப் பிடித்து எடுத்தான். முரட்டுத்தனமாக இல்லை. சாலையைக் கடக்கும்போது பிடிப்பதுபோல.

"கூப்பிட்டது நான்தானேக்கா. நீ வீட்டுக்குப் போ."

"நீ என்ன பண்ணப் போற?"

"அவசரப் பொத்தான் ஒண்ணு வேணும்னு டெட்லைன் உயிரை எடுத்தாரே. வேலை செய்யுதான்னு பார்க்கிறேன்." சிரிக்க முயன்றான். "போக்கா. வண்டியை மெதுவா ஓட்டு. நம்ம கதவைப் பூட்டிக்க, என்ன?"

நான் போனேன். லிஃப்ட் வரவில்லை, படியில் ஓடினேன். வழியில் வெயில் கொளுத்தியதாகத்தான் நினைவு. எங்கள் வீட்டுக் கதவு சுவரோடு சுவராகத் திறந்து கிடந்தது.

என் மகள் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். நெற்றி சுவரில் ஒட்டியிருந்தது. நாற்காலி காலி. அதன் மேல் சேறு. அங்கிருந்து வாசல்வரை அகலமான இரண்டு ஈரத் தடங்கள், உள்ளே வந்தது ஒன்று, வெளியே போனது ஒன்று. உள்ளே வந்த தடம் மேசை வரைக்கும் போயிருந்தது. அவள் நின்றிருந்த இடத்துக்கு ஒரு கை தூரத்தில் அது நின்றிருந்தது.

"போயிடுச்சும்மா," என்றாள், திரும்பாமலே. "என் தலைக்கு மேல மூச்சு விட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் பையில ஏதோ சத்தம் கேட்டுச்சு. 'உங்க மாமா கூப்பிடுறான்'னு சொல்லிட்டுப் போயிடுச்சு."

அவளைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினேன். தனியாக விட எனக்குத் துணிவில்லை. லிஃப்ட் கீழே வந்து கதவைத் திறந்தது. அதன் தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. படியிலேயே ஏறினோம். தம்பியின் நாற்காலி நனைந்திருந்தது. அவனும் இல்லை, அவன் லேப்டாப்பும் இல்லை. பெரிய திரையில் அவன் கடைசியாக அனுப்பிய செய்தி இருந்தது.

'அங்கே யாரும் உங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டவன் இங்கே இருக்கிறேன். வாருங்கள். உங்களோடு நானும் வருகிறேன்.'

பார்த்தாயிற்று. வந்தாயிற்று.

எங்கள் எல்லோருடைய லேப்டாப்பிலும் அந்தப் புரோகிராம் உண்டு. நீர்த்தேக்கத்தின் நீலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தன. பழையது சாம்பல். புதியது பச்சை.

அதற்குப் பிறகு யாருக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீர்த்தேக்கத்தில் தேடினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. டெட்லைன் உயிரோடு இருக்கிறார். அவருடைய அண்ணன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். பேசுவதில்லை, யாராவது வாசலில் அழைத்தால் எழுந்து இடம் விட்டு நிற்கிறார். அந்தம்மா எண்ணையும் ஊரையும் மாற்றிக்கொண்டார். நிறுவனத்தை மூடிவிட்டார்கள். டாஷ்போர்டு மட்டும் இன்னும் திறக்கிறது. அதை யார் ஓடவிட்டிருக்கிறார்கள் என்று நான் விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. தம்பியின் புள்ளி இன்றும் பச்சையாகவே இருக்கிறது. பல நாட்கள் அதன் செய்திப் பெட்டியைத் திறந்து, 'வீட்டுக்கு வா' என்று தட்டச்சு செய்து, அழித்துவிட்டு மூடியிருக்கிறேன். வரப்போவது அவன்தான் என்று எனக்கு நிச்சயமில்லை.

என் மகள் நன்றாகப் படிக்கிறாள். மாமாவைப் பற்றி என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். மறந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

இன்று காலை டாஷ்போர்டைத் திறந்தேன். தம்பியின் புள்ளிக்குக் கீழே, நான் அனுப்பாத ஒரு செய்தி இருந்தது. எங்கள் முகவரி சரியாக இருந்தது. எழுத்துப்பிழைகள் என் மகளுடையவை.

'மாமா வீட்டுக்கு வாங்க. அம்மா தூங்கினதும் கதவ தொறந்து வெக்கறேன்.'

பார்த்தாயிற்று.